உதட்டுக்குள் ஒரு சின்னப் பை

மாலையில் வகுப்பறையைப் பெருக்க வரும் அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். கடைசி பெஞ்சுக்கு அடியில், சுவரோரமாக, ஈரத்தில் பழுப்பேறிய குட்டிக் குட்டிப் பைகள் கிடக்கும். விரல் நுனி அளவுதான். 'கூல் லிப்' என்கிறார்கள் பையன்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால், எதிரே நின்று பாடம் நடத்தும் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது. புகை கிடையாது, வாயில் புதினா வாசம்தான் இருக்கும்.

பைக்குள் இருப்பது பொடித்த புகையிலை. அதிலுள்ள நிக்கோடினுக்கு ஒரு குணம் உண்டு. புளிப்பான சூழலில் அது மின்னூட்டம் பெற்றுவிடும். அந்த நிலையில் வாயின் உட்சவ்வைத் தாண்டுவது கடினம். சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்ந்தால் மின்னூட்டம் நீங்கி, சவ்வைக் கடந்து நேராக ரத்தத்தில் கலக்கும். கைனிப் புகையிலையில் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்குவது இதனால்தான். புதினாவின் வேலை வேறு. மென்தால், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. வாய் உண்மையில் குளிர்வதில்லை. புகையிலையின் எரிச்சல் மட்டும் மறைந்துபோகிறது. முதல்முறை வைத்துப் பார்க்கும் பிள்ளை 'தூ' என்று துப்பியிருக்க வேண்டும். உடம்பு தனக்காக வைத்திருக்கும் அந்தக் காவலைத்தான் இந்தக் குளிர்ச்சி முதலில் விலக்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் கோபமூட்டுவது இதுதான்.

மூளைக்குப் போன நிக்கோடின், அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான வேதிப்பொருளுக்கு உரிய ஏற்பிகளில் போய் அமர்கிறது. டோபமைன் சுரக்கிறது. டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதித்தார். தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு அடையாளத்தைக் காட்டிப் பழக்கிய பிறகு, சாற்றுக்கு அல்ல, அந்த அடையாளத்துக்கே துடித்தன. டோபமைன் மூளைக்குப் பாடம் நடத்துகிறது: 'இதைப் பார்த்தாயா, இதற்குப் பின்னால் அது வரும், விடாதே.'

பதினான்கு வயது என்பது இந்தப் பாடத்தை மிக வேகமாகக் கற்கும் வயது. புதியதைத் தேடச் சொல்லும் பகுதிகள் அப்போது முழு வீச்சில் இருக்கும்; பின்விளைவை எடைபோட்டுத் தடுக்க வேண்டிய முன்நெற்றிப் பகுதி முதிர இருபது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளை கெட்டவன் என்பதற்கு இது சான்றல்ல. அவனுக்கு இயற்பியலும் கிரிக்கெட்டும் சீக்கிரம் பிடிபடுவதற்கும் அதே மூளைதான் காரணம்.

பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையை இங்கே வைத்துப் பாருங்கள். ஷுல்ட்ஸின் குரங்குக்கு எது அடையாளமோ, இந்தப் பையனுக்கு அந்தக் கடை அடையாளம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவன் அதைக் கடந்தாக வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டின் சட்டம். கிட்டத்தட்ட 91 மீட்டர். அதிகாரிகள் இதை வெறும் தூரக் கணக்காகப் பார்க்கிறார்கள். பழகிவிட்ட பிள்ளைக்கு அது நாளுக்கு இரண்டு தூண்டல் குறைகிற கணக்கு. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருந்தும் சரக்கு வெளிமாநிலங்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கூல் லிப்பை நாடு முழுவதற்கும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். 2019இல் இந்தியாவில் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வில், 13 முதல் 15 வயது வரையிலான இந்திய மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவது தெரியவந்தது. புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறையுமுன்பே தொடங்கியிருந்தார்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டம் அவர்களுக்கு நான்கு வருடம் தாமதம்.

பிடிபட்ட பையனை என்ன செய்கிறோம்? பெற்றோரை வரவழைத்து எல்லோர் முன்னும் அவமானப்படுத்துகிறோம், சில இடங்களில் டி.சி. கொடுத்தே அனுப்பிவிடுகிறோம். பள்ளியை விட்டுப் போனவனுக்கு மிச்சமிருப்பது அந்தக் கடையும் அந்தக் கூட்டாளிகளும்தான்.

நிறுத்தும்போது நடப்பதை ஆசிரியர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. கடைசிப் பையைத் துப்பிய சில மணி நேரத்திலேயே எரிச்சல் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கும். அந்த நாட்களில் பையன் பெஞ்சில் நிலைகொள்ளாமல் தவிப்பான், எடுத்தெறிந்து பேசுவான், கணக்குப் பாடம் மண்டையில் ஏறாது. திமிர் என்று தோன்றும். ஆனால், ஏங்கும் அலை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர், மைதானத்தை ஒரு சுற்று, சும்மா ஒரு பேச்சுத்துணை போதும். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356, கட்டணமில்லை. அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.