சாப்பிட மறுக்கும் மகளைத் திட்டாதீர்கள்!

தாய்மார்களே! விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு வேலைக்காட்டிற்குப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் மூத்த மகளின் மங்கில் சோறு அப்படியே இருக்கிறது. "பசியாறினாயா?" என்றால் "பசியில்லை" என்கிறாள். நாளுக்கு நாள் மெலிகிறாள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள்.

நீங்கள் என்ன செய்வீர்கள்? "எல்லாம் கொழுப்பு" என்று திட்டுவீர்கள். அல்லது காற்றுக் கறுப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவீர்கள். இரண்டும் தவறு. அது 'அனோரெக்சியா' என்னும் நோயாக இருக்கலாம். புகழ்பெற்ற பாடகி கேரன் கார்ப்பெண்டர் 1983இல், 32ஆவது வயதில் இறந்தது இந்நோயின் விளைவால்தான்.

மனம் கெட்டால் சாப்பாடு கெடும் என்பது நாம் அறிந்ததே. சாப்பாடு கெட்டால் மனமும் கெடும். இதைக் கண்கூடாகக் காட்டியவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆன்சல் கீஸ். 1944இல் உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்களைச் சேர்த்து, 24 வாரங்கள் ஏறக்குறையப் பாதி உணவே கொடுத்தார். கலகலப்பானவர்கள் வாடினார்கள், சிடுசிடுத்தார்கள், தனிமையை நாடினார்கள். இரவும் பகலும் சாப்பாட்டு நினைவுதான். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தவர்களும் உண்டு! மறுபடி உணவு கொடுத்த பின்னும் மனம் உடனே தேறவில்லை.

காரணம் என்ன? நம் மூளையில் 'செரோடோனின்' என்றொரு இரசாயனம் உண்டு. மனநிலை, பசி, உறக்கம் மூன்றிலும் அதற்குப் பங்குண்டு. அதைச் செய்யத் தேவையான 'டிரிப்டோஃபேன்' என்னும் சத்தை உடல் தானே உண்டாக்காது. முட்டை, மீன், பால், பருப்பு போன்ற உணவிலிருந்துதான் அது வரவேண்டும். உணவு குறைந்தால் அதுவும் குறையும். ஆனால் நோய்க்கு இது ஒன்றே காரணமன்று. பரம்பரை, கவலை, பிறர் கேலி ஆகியவையும் சேரும்.

வேறு சிலர் மறைவாக அளவுமீறித் தின்றுவிட்டுத் தாங்களே வாந்தி எடுப்பார்கள். 1979இல் மருத்துவர் ஜெரால்ட் ரசல் இதற்குப் 'புலிமியா நெர்வோசா' என்று பெயரிட்டார். ஓயாத வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். செரோடோனினைச் சீராக்கும் 'ஃபுளுவாக்சிடின்' மாத்திரை புலிமியாவுக்கு உதவுகிறது. பட்டினியால் மெலிந்தவருக்கோ மாத்திரை அவ்வளவாகப் பயன்படாது. அவருக்கு உணவே முதல் மருந்து. அதையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவது ஆபத்து.

ஆகவே, "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்று பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள். ஒருவேளையாவது குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகள் மெலிந்துகொண்டே போனால், சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினால், மயங்கி விழுந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"பசியாறினாயா?" என்று கேட்கும் அதே வாயால், "மனசு எப்படியிருக்கிறது, அம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்!