துப்பாக்கிக் குழலும் துடைப்புக் கோலும்

ஆயுதம் என்றால் நம்மவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் ஞாபகம் வருகிறது. நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று அரிவாள்மணை, சுத்தியல், தையல் இயந்திரம், மோட்டார் வண்டி ஆகிய எல்லாம் துலக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. மறுநாள் அவை பழைய நிலைமைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் ஆண்டுக்கொரு முறை துலக்கினால் போதாத ஓர் ஆயுதமும் நம் குடும்பங்களுடன் சம்பந்தம் கொண்டிருக்கிறது. அதுதான் 'பாயிண்டு டூ டூ' என்று பிள்ளைகள் சொல்லும் சிறு ரைபிள். தேசிய மாணவர் படையில் சேர்ந்த பையன்களும் பெண்களும் நெடுங்காலமாகச் சுட்டுப் பழகி வந்தது இந்த ரகத்தில்தான். ரைபிள் கிளப்புகளில் பந்தயத்துக்குப் பழகும் இளைஞர்கள் பலர் கையிலும் இதைக் காணலாம்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சுடுவோரிடையே வெகு நாளாக ஒரு பேச்சு உண்டு. சுட்டுக் கெட்ட குழல்களைக் காட்டிலும் துடைத்துக் கெட்ட குழல்களே அதிகம் என்பது அது. விந்தையாகத் தோன்றினாலும் இதில் உண்மை இருக்கிறது. சிரத்தையில்லாத பையன் துடைக்காமல் விட்ட குழலை மறுபடி துடைத்துச் சீராக்கிவிடலாம். சிரத்தையுள்ள பையன் தகாத கோலைக் கொண்டு நாள்தோறும் தேய்த்த குழலைச் சீராக்குவது எளிதன்று. ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்பதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கொழுப்பினால் வந்த புரட்சி

குழலுக்குள் எதைச் செலுத்துவது என்ற கேள்வி நம் தேச சரித்திரத்தையே ஒரு முறை மாற்றியிருக்கிறது. 1857-ம் ஆண்டில் கம்பெனியார் சிப்பாய்களுக்குப் புதிதாக அளிக்கத் தொடங்கிய என்பீல்டு ரைபிளுக்கு வாய்ப்புறமாகவே மருந்தும் குண்டும் இடவேண்டும். குழலின் உட்புறத்தில் புரி வெட்டியிருந்தபடியால் குண்டு வழுக்கி இறங்கவும், வெடிமருந்தின் கசடு இறுகிப் போகாமலிருக்கவும், தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற செய்தி பரவிற்று. அந்தக் காகிதத்தையோ பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டியிருந்தது. மே மாதம் 10-ந் தேதி மீரட்டில் மூண்ட தீக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

பின்னர், லார்டு லிட்டன் காலத்தில், 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ் என்று அது வேற்றுமை பாராட்டியது. சொந்த நாட்டில் ஆயுதம் தரிக்க லாயக்கற்றவர்கள் என்று ஒரு ஜாதியாரை ஒதுக்கி வைத்த அவமானம் நம் தலைவர்கள் மனத்தில் தைத்திருந்தது. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-ல், தேசிய மாணவர் படை ஏற்பட்டது. 1949-ல் பெண்கள் பிரிவும் தொடங்கிற்று. பழைய ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இவ்வளவு பிரயாசைக்குப் பின் நம் பிள்ளைகள் கைக்கு வந்த துப்பாக்கியைச் செம்மையாக வைத்துக்கொள்ளத் தெரியாமற் போவது அழகாகுமா?

குழலுக்குள்ளே

.22 என்பது குழல் துளையின் அளவு. ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். நாம் எழுதும் பென்சில் இதற்குள் நுழையாது. இந்தச் சிறு துளையின் சுவரில் திருகு சுற்றினாற்போல் புரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. புரியின் ஆழம் ஒரு தலைமயிரின் கனம் இருக்கலாம், அவ்வளவுதான். சாதாரணமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. பந்தயத் தோட்டாவின் ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் புறப்படுகையில், அந்தப் புரிகளினால் நொடிக்கு ஏறக்குறைய 780 முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. பம்பரம் சுற்றும் வரையில் சாயாதிருப்பது போல, குண்டும் நேராகச் செல்கிறது.

குழலில் மிகவும் முக்கியமான இடம் அதன் வாய் விளிம்பு. குண்டு வெளியேறும் கணத்தில் பின்னால் வரும் புகை அதன் அடியைச் சுற்றி எல்லாப் புறமும் சமமாகப் பிரிந்து செல்லவேண்டும். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் புகை அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சற்றே தள்ளிவிடும். 50 மீட்டர் பந்தயத்தில் இலக்கின் நடு வட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அங்கே 'சற்றே' என்பதற்கு மன்னிப்பில்லை.

இந்த .22 ரைபிளைக் கொண்டுதான் 2010-ல் ம்யூனிக் நகரில் கோலாப்பூர் நங்கை தேஜஸ்வினி சாவந்த் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் உலக வெற்றி பெற்றார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே கோலாப்பூர்ப் பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குஸாளே, ரெயில்வேயில் டிக்கட் பரிசோதகராயிருந்தவர், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலப் பதக்கம் பெற்றார். பதக்கம் கிடைப்பதும் கிடையாததும் சில சமயம் ஒரு புள்ளியின் பத்தில் சில பங்குகளில் தீர்மானமாகிவிடும். வாய் விளிம்பு கெட்ட துப்பாக்கியைப் பிடித்த பெண்ணோ, தன் கைதான் நடுங்குகிறது என்று எண்ணி மனம் ஒடிந்து போகிறாள். குற்றம் கோலினுடையது என்று அவளுக்கு யார் சொல்லுவார்கள்?

கோல்

துளை சிறியதாகையால் கோலும் மெல்லியதாயிருக்க வேண்டும். மெல்லிய கோல் தள்ளும்போது வளையும். வளைந்த கோல் குழற்சுவரில் உராயும். பெரிய துப்பாக்கிக்கு இல்லாத சங்கடம் சிறிய துப்பாக்கிக்கு உண்டாவது இதனால்தான். எனவே நல்ல கோலுக்கு மூன்று லட்சணங்கள் சொல்லலாம்.

முதலாவது, அது ஒரே துண்டாயிருக்க வேண்டும். மூன்று துண்டுகளைத் திருகி இணைக்கும் கோல் பையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் இணைப்புக்களின் ஓரம் புரிகளில் தட்டும். வளைவும் அந்த இடங்களில்தான் அதிகம். இரண்டாவது, அது என்ன பொருளாலானது என்பது. அலுமினியம் மிருதுவானது. அதனால் கெடுதலில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மிருதுவிலேயே மணலும் கசடும் பதிந்து, கோல் நாளடைவில் ஓர் அரமாக மாறிவிடும். மேலே பிளாஸ்டிக் உறை பூசிய எஃகுக் கோலும், கார்பன் நாரினாலான கோலும் பொதுவாக விரும்பப்படுகின்றன. எதுவாயினும் ஒவ்வொரு முறை வெளியே எடுத்ததும் துணியால் துடைத்துவிட வேண்டும். மூன்றாவது, அதன் கைப்பிடி தானாகச் சுழலவேண்டும். புரி எப்படித் திரும்புகிறதோ அப்படியே கோலும் திரும்பினால்தான் பிரஷின் மயிர்கள் புரிகளின் அடிவரை செல்லும். இல்லாவிட்டால் மேலாக வழுக்கிப் போய்விடும். நீளம், நீண்ட பந்தயக் குழலுக்குக் கூட, மூன்று அடி இருந்தால் பெரும்பாலும் போதும்.

கோலுடன் கூடவே வாங்கவேண்டியது வழிகாட்டிக் குழாய். போல்ட்டைக் கழற்றிய இடத்தில் இதைச் செருகினால், கோல் குழலின் நடுவாகவே உட்புகும். தோட்டா அறையின் ஓரத்தில் இடிக்காது. கசடும் எண்ணெயும் விசைப் பக்கம் வழியாது. சிறிய பொருள், ஆனால் இது இல்லாத நல்ல கோல், கரையில்லாத ஆறு போலத்தான்.

முனையும் பிரஷும் துணியும்

கோலின் நுனியில் திருகும் முனைகளில் இரண்டு வகை. ஊசிக்காது போன்ற துவாரத்தில் துணியைக் கோத்துக்கொள்வது ஒன்று. அதில் துணி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். 'ஜாக்' எனப்படும் பித்தளை முனை மற்றொன்று. இது துணியின் நடுவைக் குத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் சமமாக அழுத்துகிறது. வாய்ப்புறம் வந்ததும் அழுக்குத் துணி தானே கழன்று விழுந்துவிடும். பந்தயத் துப்பாக்கிக்கு 'ஜாக்'கே சிறந்தது.

பிரஷ் வெண்கலக் கம்பியாலோ நைலானாலோ ஆனதாயிருக்கலாம். எஃகுக் கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. வெண்கலப் பிரஷைக் குழலின் நடுவில் நிறுத்தித் திருப்பியிழுக்கலாகாது. முழுவதும் வெளியே வந்த பிறகே, விளிம்பில் தட்டாமல், மெல்லத் திரும்ப இழுக்கவேண்டும். ஈயமும் புகைக் கசடும் கட்டியிருந்தாலன்றி, ஒவ்வொரு முறையும் பிரஷ் தேவையில்லை.

துணிக்கு நாம் கடைத்தெரு தேடிப் போகவேண்டியதில்லை. நன்றாக வெளுத்து மெத்தென்றான பருத்தித் துணி, நூல் பிரியாததாய், ஓர் அங்குலச் சதுரமாக வெட்டியது போதும். பிளானல் இன்னும் நல்லது. செயற்கை நூல் துணி அவ்வளவு ஏற்றதன்று. கோலுக்குச் சற்றே இறுக்கமாக, ஆனால் பலம் காட்டாமல், துணி போகவேண்டும். இறுகி நின்றால் அடுத்த துணியைச் சிறிதாக வெட்டிக்கொள்ளலாமேயன்றிச் சுத்தியலைத் தேடக்கூடாது. ஐரோப்பாவில் கம்பளியை அழுத்திச் செய்த சிறு வில்லைகளைத் துணிக்குப் பதிலாக உபயோகிப்பார்கள். அவை குழலளவாகவே வருவதால் வசதியானவை. ஆனால் ஒரு முறைக்கு மேல் உதவா.

கயிறு எப்போது?

பட்டாளத்தில் லீ-என்பீல்டு துப்பாக்கியின் அடிக்கட்டையிலேயே 'புல்-த்ரூ' என்னும் கயிறும் எண்ணெய்ச் சீசாவும் வைத்திருப்பார்கள். பித்தளைக் கனத்தைக் குழலுக்குள் விட்டு, மறுமுனையில் துணியைக் கோத்து இழுப்பது முறை. யுத்தகளத்துக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் கோணலாக இழுத்தால் கயிறே விளிம்பை அறுத்துவிடும். கிணற்றங்கரைக் கல்லைத் தாம்புக் கயிறு அறுப்பதை நாம் கண்டதில்லையா? தற்காலத்தில் பிரஷுடன் சேர்த்துப் பின்னிய கயிறுகளும் விற்கிறார்கள். பயணத்தில் அவை உதவும். எனினும் அவற்றைச் சோப்பிட்டு அலசாவிட்டால் முன்னாள் கசடை இன்று மறுபடி குழலில் பூசுவதாகத்தான் முடியும். பாதியில் அறுந்தால் எடுப்பதும் கஷ்டம்.

ஒரு வகைத் துப்பாக்கிக்கு மட்டும் கயிறே மேல். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் சில ரகங்களில் பின்புறமாகக் கோல் நுழைய வழியில்லை. கோலை வாய்ப்புறமாகச் செலுத்தினால் விளிம்புக்கு ஆபத்து. அங்கே பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிக் கயிற்றைப் பின்னாலிருந்து விட்டு, வாய்ப்புறமாக நேராக இழுப்பதே உசிதம்.

முறையும் அளவும்

துடைக்கத் தொடங்குமுன் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் வயது, அனுபவம் என்ற சலுகை யாருக்கும் கிடையாது. குழல் வாயைச் சற்றே தாழ்த்தி வைத்து, கரைப்பான் நனைத்த துணி ஒன்றிரண்டைப் பின்னாலிருந்து முன்னால் செலுத்திச் சில நிமிஷம் பொறுத்து, உலர்ந்த துணிகளால் துடைத்தால் போதும். தாமிரத்தைக் கரைக்கும் காரமான அம்மோனியாச் சரக்கு ஈயக் குண்டு சுடும் குழலுக்கு அவசியமில்லை. பழைய புத்தகங்களில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றச் சொல்லியிருக்கும். அந்நாள் தோட்டாவின் பற்றுமருந்து உப்பைக் கக்கிற்று, உப்பு ஈரத்தை இழுத்தது, குழல் துருவேறிற்று. 1920-களின் பிற்பகுதி முதல் துருவேற்றாத மருந்து வந்துவிட்டதால் பந்தயத் தோட்டாவுக்கு வெந்நீர் வைத்தியம் வேண்டியதில்லை.

எத்தனை நாளைக்கொரு முறை துடைப்பது என்பதில் நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. தினமும் என்பார் ஒரு சாரார். குண்டுகள் சிதறத் தொடங்கினால்தான் என்பார் மற்றொரு சாரார். துடைத்த குழல் குண்டின் மெழுகு மறுபடி படியும் வரை முதற் சில குண்டுகளைச் சிதறவிடும் என்பதை இரு சாராரும் அறிவர். ஆகவே பந்தயத்துக்கு முதல் நாள் இரவு துடைத்துவிட்டு, மறுநாள் முதற் குண்டே நடுவில் விழவேண்டுமென்று எதிர்பார்க்கலாகாது. நம் கடற்கரைப் பட்டணங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் துருவே பெரிய பகை. அப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அவசியம். சுடுமுன் அதை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயே ஏற்றது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் கெட்டுப் பிசுக்கேறிவிடும். ஈரம் காக்கும் தோலுறையில் துப்பாக்கியை மாதக்கணக்காக மூடி வைப்பதும் தவறு.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. துடைத்த துணியில் ஈயம் இருக்கிறது. அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரலாகாது. பிள்ளைகள் சோப்பிட்டுக் கை கழுவாமல் இலையில் உட்காரவும் கூடாது.

வீட்டில் கிடக்கும் குடைக் கம்பியையும் சைக்கிள் கம்பியையும் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பது நம் பிள்ளைகளின் புத்திசாலித்தனத்துக்கு அடையாளமாயிருக்கலாம். ஆனால் அந்தப் புத்திசாலித்தனத்துக்குக் குழல்தான் விலை. ஒரே துண்டான கோல், வழிகாட்டிக் குழாய், பித்தளை முனை, வெண்கலப் பிரஷ், ஒரு பொட்டலம் துணி, ஒரு சீசா எண்ணெய்—இந்த ஆறும் ஒரு முறை வாங்கினால், துணியும் எண்ணெயும் பிரஷும் தவிர மற்றவை பல ஆண்டு உழைக்கும். கிளப்புக்கோ கல்லூரிக்கோ சொந்தமான துப்பாக்கியானால் இந்தச் சிரத்தை இரட்டிப்பாக வேண்டும். இன்று ஒரு பையன் கெடுத்த விளிம்போடு நாளை வேறொருவன் சுட நேரும். தன்னுடையதல்லாத பொருளைத் தன்னுடையதைப் போல் பேணுவதற்குப் பிள்ளைகள் பழகிவிட்டால், அவர்கள் பெறும் மற்றப் பதக்கங்களைவிட அதுவே நாட்டுக்குப் பெரிய லாபம்.