சோழர் சுவரில் சுண்ணாம்பும் காவியும்

வைகையின் தலைப்பகுதியில், வருசநாட்டுக்குப் போகும் வழியில் உள்ள கடமலைக்குண்டு போன்ற ஊர்களில், பொங்கலை ஒட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து அடியில் காவிப்பட்டை தீட்டுகிறவர்களிடம், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்காலச் சித்திரங்களுக்கும் பெரும்பாலும் இந்தச் சரக்குகளே ஆதாரம் என்று சொன்னால் அவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆயினும் ரசாயனப் பரிசோதனையில் தெரியவந்த விஷயம் அதுதான்.

ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் ஓவியம் தென்படுவதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண், பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண் என்று வகுத்தார். நீலம் ஒன்றுதான் லாபிஸ் லாசுலி என்னும் அருங்கல்லின் பொடி. அக்கல்லுக்குப் பேர்போன சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்துப் படக்ஷானில் இருந்தன.

வர்ணங்கள் இவ்வளவு சிலவாக இருப்பதைச் சித்திரக்காரரின் ரசனைக் குறைவு என்று எண்ணலாகாது. ஈரம் புலராத சுண்ணச் சாந்தின்மேல் நீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்டினால், அச்சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கிரகித்து மறுபடியும் கல்லாக இறுகும்போது வர்ணத் துகள்களையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பசையென்று தனியாக ஒன்று வேண்டுவதில்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பின் காரம் கடுமையானது. தாவரச் சாயங்கள் பல அதில் நிறம் திரிந்துவிடும் ஆதலால், மண்ணும் கல்லும் கரியுமே அங்கே நிலைக்கும். பரமசிவன் தஞ்சை ஓவியங்களை இந்த ஈரச்சுவர் முறையைச் சேர்ந்தவை என்றும், சித்தன்னவாசல் ஓவியங்களை உலர்ந்த சுவரில் சுண்ணாம்பையே பிணைப்பாகக் கொண்டு எழுதியவை என்றும் பிரித்துக் காட்டினார்.

சுவரிலிருந்து எடுத்த இத்தகைய வர்ணத் துணுக்குகளை இனங்காணும் பழைய பரிசோதனைகள் எளியவை. எனக்கு அவற்றில் தனிப் பிரியமே உண்டு. அமிலத்துளி பட்டவுடன் நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. மஞ்சள் காவியைச் சுட்டால் அதனுள் கட்டுண்ட நீர் நீங்கிச் சிவந்துபோகும். லாபிஸ் நீலமோ அமிலத்தில் நிறமிழந்து, அழுகிய முட்டையின் நாற்றத்தை எழுப்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அசுரைட் என்னும் செம்புக்கல் நீலம் நாறாது, கரைந்து செம்பைத் தரும்.

அமிலப் பரிசோதனைகளால் துணுக்கு அழிகிறதென்பதால், சுவரைத் தொடாமலே ஆராயும் எக்ஸ்-கதிர்க் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவை இரும்பு இருப்பதை உடனே அறிவிக்கும். அது மஞ்சள் காவியா, சிவப்புக் காவியா என்று அறிவிக்கமாட்டா. லாபிஸிலுள்ள சோடியம், அலுமினியம், சிலிகன் ஆகியவை இலேசான தனிமங்களாதலால், சுவரருகே வைத்து இயக்கும் அக்கருவிகளுக்கு அவை அவ்வளவாகப் புலப்படுவதுமில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைக்கொண்டு பொருளின் கட்டமைப்பை அறியும், நம் சி. வி. ராமன் பெயரால் வழங்கும் ராமன் நிறமாலை முறையே அந்த நீலத்தை ஐயமின்றிச் சொல்ல வல்லது.