உலகியலும் புனைவும்: பேராசிரியர் பொண்டனெல்லாவின் இத்தாலிய ஆராய்ச்சி

முன்னுரை

இலக்கியம் பயிற்றும் பேராசிரியர் ஒருவர் திரைப்படத்தை ஆராயப் புகுந்தால், அவர் தம் துறையை விட்டு விலகினார் என்று கருதுவோர் இன்றும் உளர். இலக்கியத் துறையில் திரைப்படத்திற்கு இடம் உண்டா என்பதைப் பொதுவகையால் வாதிடுவதினும், அவ்வாறு புகுந்த ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எடுத்து ஆராய்தல் பயன் தரும். அமெரிக்க நாட்டில் ஒப்பிலக்கியம், இத்தாலிய மொழி, திரைப்படவியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் பேராசிரியராக விளங்கிய பீட்டர் பொண்டனெல்லா (1943–2017) அத்தகையவர். அவர்தம் நூல்களைக் கால முறையில் நோக்கின், துறைகள் பலவாயினும் அவரைச் செலுத்திய வினா ஒன்றே என்பது புலனாகும். உலகில் நிகழ்ந்தது கலையாக அமையுங்கால் என்ன மாற்றம் எய்துகின்றது என்பதே அவ்வினா.

தமிழ் கற்றார்க்கு இவ்வினா புதிதன்று. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்னும் இரண்டும் கூடிய நெறியே புலனெறி வழக்கம் எனத் தொல்காப்பியர் வகுத்தார். பொண்டனெல்லா தொல்காப்பியத்தின் வழி நின்று ஆராய்ந்தவர் அல்லர். எனினும், அவர் கண்ட முடிவுகளை நாம் தெளிவாக உணர்தற்கு இப்பாகுபாடு துணை செய்யும்.

வரலாறும் கலையும்

டேவிட்சன் கல்லூரியிலும், பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அரசியலும் பயின்ற பொண்டனெல்லா, 1970-இல் ஒரிகான் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1972 முதல் 2007 வரை புளூமிங்டன் நகரிலுள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அரசியலும் இலக்கியமும் ஒருங்கு கற்ற ஒருவர் முதற்கண் மாக்கியவெல்லியை நாடியது இயல்பே.

1973-இல் வெளிவந்த அவர்தம் முதல் நூல், மாக்கியவெல்லியின் வரலாற்று எழுத்தைக் கலை என்னும் நோக்கில் ஆராய்ந்தது. மாக்கியவெல்லியை அரசியல் அறிஞராகவே கண்டவர் பலர். அவர் தம் மாந்தரை எங்ஙனம் தீட்டினார், நிகழ்ச்சிகளை எம்முறையில் நிரல்படுத்தினார் என்பதை ஆராய்தலே இந்நூலின் வேலை. இதற்குச் சிறந்த சான்று, 1520-இல் மாக்கியவெல்லி எழுதிய கஸ்த்ரூச்சோ கஸ்த்ரகானியின் வாழ்க்கை வரலாறு ஆகும். லூக்கா நகரை ஆண்ட கஸ்த்ரூச்சோ உயர்குடியிற் பிறந்தவன். மனைவி மக்களோடு வாழ்ந்தவன். மாக்கியவெல்லியோ அவனைத் திராட்சைத் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆதரவற்ற குழவியாகக் காட்டினார், மணம் செய்யாதவனாக்கினார், பண்டைக் கிரேக்க அறிஞர் கூற்றுக்களை அவன் வாய்மொழியாக அமைத்தார். இவற்றைப் பிழை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், தன் ஆற்றலாலேயே உயர்ந்து ஊழினால் வீழ்ந்த ஒரு தலைவனைப் படைத்தற்கு இம்மாற்றங்கள் வேண்டப்பட்டன என்பதை உணர்ந்தால், அந்நூல் வேறொரு வகையில் விளங்கும்.

மொழிபெயர்ப்புப் பணி

அவர் உழைப்பின் ஒரு பகுதி மொழிபெயர்ப்பில் கழிந்தது. மார்க் மூசா என்பாரோடு இணைந்து மாக்கியவெல்லியின் எழுத்துக்களை 1979-லும், பொக்காச்சியோவின் டெக்கமெரான் முழுவதையும் 1982-லும் ஆங்கிலத்தில் தந்தார். தம் மனைவியாரும் இத்தாலிய அறிஞருமான ஜூலியா கானவே பொண்டனெல்லாவோடு சேர்ந்து வசாரியின் கலைஞர் வரலாறுகளை 1991-இல் வெளியிட்டார். மாக்கியவெல்லியின் 'இளவரசன்' அவர் மொழிபெயர்ப்பில் 2005-இல் வந்தது.

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லையும் கடந்து செல்ல இயலாது. மாக்கியவெல்லி ஆளும் 'விர்த்தூ' என்னும் சொல்லை 'அறம்' என்று பெயர்த்தால் பொருள் கெடும். ஓரிடத்தில் ஆற்றல் என்றும், ஓரிடத்தில் திறம் என்றும், ஓரிடத்தில் ஊக்கம் என்றும் அது பொருள்படும். இங்ஙனம் சொற்றோறும் நின்று பழகிய கண்ணே பின்னர்த் திரைப்படத்தை நோக்கிற்று.

டெக்கமெரானை மொழிபெயர்த்தவர்க்குப் பசோலினி 1971-இல் எடுத்த அதே பெயருடைய படம் வெறும் தழுவலாகத் தோன்றாது. பொக்காச்சியோவின் நூலில் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் புளோரன்சை விட்டு நீங்கிய பதின்மர் கதை கூறுகின்றனர். பசோலினி அப்பதின்மரை அறவே நீக்கினார். கதைகளை நேப்பிள்சு நகரத்து ஏழை மக்களிடையே கொண்டு சென்று, அவர்தம் வட்டார மொழியிலேயே பேசுவித்தார். எதனை நீக்கினார் என்பது மூலத்தை அறிந்தவர்க்கே புலனாகும்.

புதிய இயற்பண்பியம்

1983-இல் வெளிவந்த 'இத்தாலியத் திரைப்படம்: புதிய இயற்பண்பியம் முதல் இன்று வரை' என்னும் நூலே பொண்டனெல்லாவிற்குப் பெரும்புகழ் தந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இத்தாலியில் எழுந்த இயக்கத்தைப் புதிய இயற்பண்பியம் என்பர். அரங்குகளை விட்டுத் தெருவிற் படம் எடுத்தனர். நடிப்புத் தொழில் அறியாதவரை நடிக்க வைத்தனர். எனவே அப்படங்கள் உள்ளதை உள்ளவாறே காட்டின என்பது பலர் கருத்து. பொண்டனெல்லா இதனை அவ்வாறே ஏற்கவில்லை. அப்படங்களும் திட்டமிட்டு அமைத்த கலைப்படைப்புக்களே என்பதை அவர் வற்புறுத்தினார்.

படங்களை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். ரொசெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்' (1945) என்னும் படத்திற் சிறந்து விளங்கும் அன்னா மக்னானியும் ஆல்டோ பப்ரீட்சியும் மேடையில் தேர்ந்த நடிகர்கள். சில காட்சிகள் கட்டி எழுப்பிய அரங்கிலேயே எடுக்கப்பட்டன. அப்படத்தில் வரும் பாதிரியார், 1944-இல் செருமானியரால் கொல்லப்பட்ட இரு பாதிரிமாரின் வாழ்வை ஒன்றாக இணைத்துப் படைத்த ஒருவர். வெவ்வேறிடத்து நிகழ்ந்த சுவையானவற்றை ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்தலை நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்கியதை ஈண்டு நினைத்தல் தகும். தெசீக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தலைமை தாங்கி நடித்தார் என்பது மெய்யே. ஆயின் அதன் கதை ஒரு புதினத்தினின்று எடுக்கப்பட்டு, எழுத்தாளர் பலரால் செப்பம் செய்யப்பட்டது. தொழிலாளியின் முகம் உலகியல். அம்முகத்தை எக்கணத்தில், எத்தொலைவில், எதன்பின் காட்டுவது என்னும் தேர்வு நாடக வழக்கு.

ஃபெல்லினியும் பாட ஆராய்ச்சியும்

ஃபெல்லினியின் 'லா ஸ்ட்ராடா' 1954-இல் வெளிவந்தபோது, அவர் இயற்பண்பியத்தைக் கைவிட்டார் என இடதுசாரித் திறனாய்வாளர் குறை கூறினர். இயற்பண்பியமும் புனைவே என்று தெளிந்தவர்க்கு இக்குற்றச்சாட்டு வலிவிழந்து போகும். 'ரோம், திறந்த நகரம்' படத்தின் திரைக்கதையில் பங்கு கொண்டவரும் ஃபெல்லினியே என்பது மறத்தற்குரியதன்று.

1987-இல் பொண்டனெல்லா, மனுவேலா ஜேரி என்பாரோடு இணைந்து 'லா ஸ்ட்ராடா'வை நூல் வடிவில் பதிப்பித்தார். திரையிற் காணும் காட்சித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எழுத்திற் பதிந்து, அக்கால மதிப்புரைகளையும் உடன் சேர்த்த பதிப்பு அது. இந்தியானா பல்கலைக்கழகத்து லில்லி நூலகத்திலுள்ள ஃபெல்லினியின் திரைக்கதைக் கையெழுத்துப்படிகள், 1992-இல் வெளிவந்த 'பெதரிகோ ஃபெல்லினியின் திரைப்படம்' என்னும் நூலுக்குத் துணையாயின. அந்நூலுக்கு ஃபெல்லினியே முன்னுரை வழங்கினார்.

சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடவேறுபாடு காண்பவர் செய்யும் பணியே இது. ஆயினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஃபெல்லினி படம் எடுக்கும்போது நடிகரை எண்களைச் சொல்லச் செய்து, உரையாடலைப் பின்னரே குரல் பதிவு செய்தலும் உண்டு. அவ்வாறாயின் மூலபாடம் எது? எழுதிய படியா, எடுத்த படமா, பின்னர் ஏற்றிய குரலா? இசையும் ஒளியும் அச்சில் அடங்கா. இலக்கிய முறை திரைப்படத்திற்குப் பெரிதும் உதவும். ஆனால் முற்றும் போதாது என்பதையும் நாம் ஒப்புதல் வேண்டும்.

தம்மைத் தாம் திருத்துதல்

ரோம் நகரின் உருவம் பிற்காலக் கலைகளில் மாறி மாறி அமைந்ததை 1987-லும், உம்பெர்தோ எக்கோவின் எழுத்துக்களை 1997-லும், அமெரிக்கப் படங்களில் இத்தாலியர் காட்டப்பட்ட வகையை 2004-லும் தனித்தனி நூல்களாக எழுதினார். எல்லாவற்றிலும் உலகியலும் புனைவும் பற்றிய அப்பழைய வினாவே தொடர்கின்றது.

இறுதியாக ஒன்று. 1983-இல் எழுதிய வரலாற்றைப் பன்முறை திருத்திய அவர், 2009-இல் 'இத்தாலியத் திரைப்பட வரலாறு' எனப் புதிதாகவே எழுதினார். முன்னைய நூலின் தலைப்புப் புதிய இயற்பண்பியத்தையே தொடக்கமாகக் காட்டியது. பின்னையது ஊமைப்படக் காலத்தையும், பாசிச ஆட்சிக் காலத்தையும் விரிவாகத் தழுவியது. 1937-இல் முசோலினியின் ஆட்சி நிறுவிய சினெசித்தா படப்பிடிப்பு நகரை விடுத்து அதன்பின் வந்த கலையை விளக்க இயலாது. திறனாய்வாளர் இழிவாகக் கருதிய கௌபாய்ப் படங்களும் துப்பறியும் படங்களும் அச்சப் படங்களும் அந்நூலில் தனி இயல்கள் பெற்றன. அறுபத்தாறாம் அகவையில் தம் நூலின் அடித்தளத்தையே விரிவாக்கிய அவ்வுள்ளம் போற்றத்தக்கது.

முடிவுரை

பொண்டனெல்லா இலக்கியத்தை விட்டுத் திரைப்படத்திற்குச் சென்றவர் அல்லர். இலக்கியத்திற் கற்ற முறைகளை உடன் கொண்டு சென்றவர். மூலத்தைப் படித்தல், படிகளை ஒப்பிடுதல், சொல்லை எடைபோடுதல், முன்னோர் முடிவை ஐயுறுதல் ஆகியவை அவர் கைக்கருவிகள். அவை இருப்பின் திரைப்பட ஆராய்ச்சி பொழுதுபோக்கு ஆகாது. அவை இல்லையேல் காப்பிய ஆராய்ச்சியும் வெறும் கதை கூறலாகிவிடும். ஆகவே, நம் துறையில் திரைப்படத்தை எடுத்து ஆராய விழையும் மாணவரைப் பொருள் பற்றி மறுத்தல் முறையன்று. எக்கருவிகளோடு வந்துள்ளார் என்று வினவுதலே நம் கடன்.