கண்டனைக் கொன்ற புலி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. ஐப்பசி அடைமழையில் அதில் பாதிதான் கண்ணில் படும். மீதியை மேகம் மூடிக்கொண்டிருக்கும். கேரன் ஹீலியின் ‘கார்டியன் ஆஃப் தி டெட்’ (2010) என்ற இளையோர் நாவலைப் படித்தபோது எனக்கு அந்த மேகம்தான் நினைவுக்கு வந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் விடுதியில் தங்கிப் படிக்கிற எல்லி என்ற பெண், பட்டுபையரேஹே கூட்டத்தாரை எதிர்கொள்ளும் கதை அது. மலைப் பனிக்குள் வாழும் வெளிறிய மனிதர்கள் என்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் வழிவழியாகச் சொல்லிவரும் கூட்டம். ஹீலி மாவோரி அல்லர். மாவோரியான விட்டி இஹிமேரா 1987-லேயே ‘தி வேல் ரைடர்’ எழுதிவிட்டார்: திமிங்கிலத்தின் மேலேறி வந்த மூதாதை, பெண் பிள்ளை என்பதால் கொள்ளுப்பேத்தியை ஒதுக்கும் பெரியவர், அவரை மீறி எழும் அந்தச் சிறுமி.

நம் பக்கம் என்ன குறை? மல்லி என்ற வேடர் குலத் தலைவி. அவள் பிள்ளைகள் வில்லி, கண்டன். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. உடன்பிறந்தானைத் தேடி அலைந்து, களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வருகிறார். காட்டைத் திருத்தி வில்லி எழுப்பிய ஊர்தான் வில்லிபுத்தூர் என்கிறது தலபுராணம். அந்தக் கனவுக்கு முந்தைய இரவை, இருட்டில் கண்டன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும் அந்தப் பிள்ளையை, ஒரு நாவலாசிரியர் முழுதாக எழுத வேண்டும் என்று ஏங்குகிறேன். புலியும் எங்கும் போய்விடவில்லை. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான இதே காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

ஊரின் ஆண்டாள் கோயிலுக்குள் போனால் அவள் கையில் கிளி. இலைகளால் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளிக்குத் தெரிந்தது இன்றைய கிளிக்குத் தெரியுமா? பதினைந்து வயது வாசகருக்கு இந்த ஒரு கேள்வி போதும், முந்நூறு பக்கம் கூடவே வருவார்.

காட்டுக்குள் போய் எழுதியவர் இங்கே இல்லாமலில்லை. ராஜபாளையத்தின் கொ.மா.கோதண்டம், ‘குறிஞ்சிச் செல்வர்’ என்றே அழைக்கப்படுபவர், மலைவாழ் மக்களைப் பற்றி எழுதியவர். ‘காட்டுக்குள்ளே இசை விழா’ என்ற அவர் நூலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருது கிடைத்தது. சிறுவர்களுக்கு அவர் போட்ட தடத்தை, பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைகள் வரை நீட்ட வேண்டும்.

எழுதப்போகிறவர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் வாழும் பளியர் பழங்குடியினரிடம் போக வேண்டும். கதை கேட்க மட்டுமல்ல, எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று கேட்கவும். தேனெடுப்பவரின் தெய்வம் நமக்குக் கற்பனைப் பாத்திரம் இல்லை. எழுதி முடித்ததும் முதலில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் மல்லி என்று ஓர் ஊர் வரும். பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள் அந்தப் பேரைக் கடந்து போகிறார்கள். கண்டனைப் பெற்றவளின் பேர் அது.