ராத்திரி முழுக்க கத்துதா புது நாய்க்குட்டி? அடிக்காதீங்க!

ஆடலூர்,
திண்டுக்கல் மாவட்டம் ஆடலூர் மலைப்பகுதியில் வீடு, காபி தோட்டக் காவலுக்கு நாய்க்குட்டி கொண்டு வருபவர்களுக்கு முதல் தலைவலி, ராத்திரி கத்தல்தான்.

இது சேட்டை இல்லை. தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் தேடும் அழுகை. மலைக்குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்! அடித்தால் பயம்தான் கூடும். வெளியே கட்டிப்போட்டால் காட்டோரத்தில் சிறுத்தைக்கு இரையாகலாம்.

வீட்டுக்குள், நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். தாய் படுத்த பழந்துணி ஒன்றை வாங்கி வந்து போட்டால், அந்த வாசனையில் குட்டி அடங்கும். சில நாளில் பழகிவிடும்.

8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பசும்பால் சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அங்கே தின்று பழகிய சாப்பாட்டையே முதல் சில நாள் கொடுங்கள்.

ஊசி முக்கியம்

பார்வோ நோய்க்கு 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி. 3 மாதத்தில் வெறிநோய் தடுப்பூசி. பிறகு கால்நடை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும்.

'சின்னக் குட்டிதானே' என்று அசட்டை வேண்டாம். குழந்தையைப் பல் பட்டுக் கீறினாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.