துபாயில் பி.பி.ஏ., கணினிப் படிப்பு: சில சந்தேகங்கள்

பிளஸ் 2 முடித்த பிள்ளையை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே சேர்ப்பதா? அமீரகத்தில் குடும்பத்தோடு இருக்கும் தமிழர்களிடையே ஆண்டுதோறும் நடக்கும் விவாதம் இது.

வளாகம் பிரமாதமாக இருக்கிறது. பட்டம் செல்லுமா?

வளாகத்தை விடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு உரிமம் இருப்பது வேறு, நீங்கள் சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. சி.ஏ.ஏ. என்ற அமீரக மத்திய ஆணையம் படிப்பு வாரியாகத்தான் அங்கீகாரம் தருகிறது. பி.பி.ஏ.வுக்கு இருக்கும், அதே கல்லூரி புதிதாகத் தொடங்கிய கணினிப் படிப்புக்கு இல்லாமல் போகலாம். துபாயில் உள்ள வெளிநாட்டுக் கிளைகள் என்றால், துபாய் அரசின் கே.எச்.டி.ஏ. அனுமதியையும் பாருங்கள். "எல்லாம் அப்ரூவ்ட் சார்" என்று சேர்க்கைப் பிரிவில் சொன்னால், யார் கொடுத்தது, எந்தப் படிப்புக்கு என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

சான்றிதழில் யார் பெயர் இருக்கும்?

இடத்துக்கு இடம் மாறும். மிடில்செக்ஸ் துபாயில் படித்தால் லண்டன் மிடில்செக்ஸ் பட்டம்; பிட்ஸ் துபாயில் பிலானியின் பட்டம். 1997-இல் தொடங்கிய ஷார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகமோ யாருடைய கிளையும் அல்ல, தன் பட்டத்தையே தருகிறது. பெயரில் 'அமெரிக்கன்' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிறகு இந்தியாவில் எம்.பி.ஏ., அரசு வேலை?

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். இதற்கென யு.ஜி.சி. 2025-இல் புதிய விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. சேருவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுவது நல்லது.

செலவு?

விளம்பரத்தில் உள்ள கட்டணத்தோடு நிற்காது. தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு 5 சதவீத வாட் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு என்பார்கள். 'ஃபவுண்டேஷன்' ஆண்டு வேண்டும் என்றால் அது நான்காகும். திர்ஹாம் டாலரோடு (3.6725) கட்டப்பட்டது என்பதால், ஊரில் ரூபாயில் கடன் வாங்கிக் கட்டுபவருக்கு, ரூபாய் சரியும்போதெல்லாம் சுமை ஏறும்.

வேலை கிடைக்குமா?

உறுதி எதுவும் இல்லை. ஆனால் 2018-இல் வாட், 2023-இல் 9 சதவீத நிறுவன வரி என்று வந்தபின், கணக்கு வழக்கு தெரிந்தவர்களுக்கு அமீரகத்தில் வேலை கூடியிருக்கிறது. கணினியோடு கணக்கியலும் சேர்த்துப் படிப்பது வீண் போகாது.

அப்பாவின் விசாவிலேயே மகன் படிக்கலாமா?

மணமாகாத மகன் 25 வயது வரை இருக்கலாம். 2022-இல் வந்த மாற்றம் இது. அப்பாவுக்கு வேலை போனால் அந்த விசாவும் போகும். அப்போது பல்கலைக்கழகமே மாணவர் விசா எடுத்துத் தருமா, என்ன செலவாகும் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.